அளக்காத அளவு பூஜ்யம் ஆகுமா?

அணுகுண்டு என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஹிரோஷிமாவும் நாகசாகியும்தான். 1945 ஆகஸ்டில் அந்த இரண்டு ஊர்களும் பட்ட பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு, குண்டு செய்த நாடே தன் சொந்தப் படைவீரர்களைக் குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்த கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெல்டிங் சோதனை பற்றிய பாடத்தில் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள். காமா கதிர் வைத்து வெல்டிங்கைப் படம் பிடிக்கிறவர் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். அவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதுதான் கணக்கு சொல்லும். அந்தக் காலத்தில் அதற்குள் ஃபிலிம் இருக்குமாம். இப்போது டி.எல்.டி. பேட்ஜ். இது இல்லாமல் கதிர்வீச்சில் நின்றவர்கள் யாராவது இருப்பார்களா என்று தேடிப் படித்தபோதுதான் அமெரிக்காவின் ‘அணு வீரர்கள்’ பற்றித் தெரிய வந்தது.

1946 ஜூலையில் பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவுகளில் அமெரிக்கா இரண்டு குண்டுகளை வெடித்துப் பார்த்தது. ‘ஆபரேஷன் கிராஸ்ரோட்ஸ்’ என்று பேர். சுமார் 42,000 பேர் அந்த வேலையில் இருந்தார்கள். ஜூலை 25-ம் தேதி இரண்டாவது குண்டு தண்ணீருக்கு அடியில் வெடித்தது. கதிரியக்கம் கலந்த கடல்நீர் மலை போல எழும்பி, சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்த கப்பல்கள் மேல் கொட்டியது. அந்தக் கப்பல்களைக் கழுவச் சொல்லி மாலுமிகளை ஏற்றிவிட்டார்கள். கையில் என்ன? சோப்பு, தண்ணீர், பிரஷ்! கழுவக் கழுவப் போகவில்லை. ஆகஸ்ட் 10-ம் தேதி அந்த வேலையையே கைவிட்டார்கள். மூன்றாவதாக வெடிக்க இருந்த குண்டையும் ரத்து செய்தார்கள். அத்தனை பேரில் ஃபிலிம் பேட்ஜ் கிடைத்தது ஒரு பகுதியினருக்கு மட்டும்தான்.

அடுத்தது நெவாடா பாலைவனம். 1951 முதல் 1962 வரை அங்கே தரைக்கு மேலே மட்டும் 100 வெடிப்புகள். அணுகுண்டு விழுந்த களத்தில் படை நடத்த முடியுமா என்று பார்ப்பதற்காக, சில கிலோமீட்டர் தூரத்தில் அகழி வெட்டி வீரர்களை உட்கார வைத்தார்கள். வெடித்த கொஞ்ச நேரத்தில் எழுந்து அந்தப் பக்கம் நடக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக் கையால் பொத்திக்கொண்டபோதும், வெளிச்சத்தில் தங்கள் கை எலும்பே தெரிந்தது என்று பல வீரர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அப்போது பதினெட்டு, இருபது வயசுதான். அதாவது, இந்த மலரைப் படிக்கும் உங்கள் வயசு, என் வயசு!

இப்படி வெட்டவெளி அணுச் சோதனைகளில் பங்கெடுத்த அமெரிக்கப் படையினர் இரண்டு லட்சத்துக்கும் அதிகம். பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசியக் கட்டுப்பாடு வேறு. உடம்புக்கு வந்தால் டாக்டரிடம்கூட ‘நான் அங்கே இருந்தேன்’ என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டுப்பாட்டைச் சட்டம் போட்டு நீக்கியது எப்போது தெரியுமா? 1996-ல்! பிகினி வெடிப்பு முடிந்து ஐம்பது வருஷம் கழித்து.

நோய் வந்தவர்கள் அரசாங்கத்திடம் வைத்தியம் கேட்டுப் போனார்கள். ‘உனக்கு எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டு’ என்றார்கள். எதை வைத்துக் காட்டுவது? பேட்ஜ் பலருக்குக் கொடுக்கவே இல்லை. கொடுத்தவர்களுக்கும் அது வெளியிலிருந்து பட்ட கதிரைத்தான் காட்டும். மூச்சோடு உள்ளே போன தூசியை, வாய்வழி போன தண்ணீரை அது காட்டாது. ராணுவப் பதிவேடு இருக்கிறதே என்றால், 1973-ல் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்து போயின. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், பணியில் நேர்ந்த பாதிப்புக்குப் படைவீரர் அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்று 1950-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தக் கதவைத் தட்டினாலும் பூட்டு!

கணக்கு இல்லாத இடத்தில் மதிப்பீடு போட்டார்கள். ‘உனக்குப் பட்டது ரொம்பக் கம்மி’ என்று விடை வந்தது. கிராஸ்ரோட்ஸ் வீரர்களுக்குப் போட்ட இந்த மதிப்பீடுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று 1985-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே அறிக்கை கொடுத்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்தது. இருபது வருஷம் கல்குவாரியில் உடைத்தவர், கைநாட்டு. இருமல் வந்து படுத்தபோது, ‘இங்கேதான் வேலை பார்த்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ என்று கேட்டார்கள். வருகைப் பதிவேட்டில் பேர் எழுத வேண்டியவர் யார்? அந்தக் கேள்வி கேட்டவர்தானே! எழுதாமல் விட்டவருக்கு லாபம், எழுதத் தெரியாதவருக்கு நஷ்டம். அமெரிக்கா பணக்கார நாடு, நாம் ஏழை நாடு என்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் ரெண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

எதிர்த் தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். புற்றுநோய் குண்டு பார்க்காதவனுக்கும் வருகிறதே, எல்லாவற்றையும் கதிர்வீச்சு தலையில் கட்டலாமா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1957 ஆகஸ்ட் 31-ல் நடந்த ‘ஸ்மோக்கி’ வெடிப்பில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரை ஆராய்ந்து 1980-ல் ஒரு முடிவு வெளியானது. மூன்று நான்கு பேருக்கு வரக்கூடிய ரத்தப் புற்றுநோய் ஒன்பது பேருக்கு வந்திருந்தது. ஆனால் ஐந்து சோதனைத் தொடர்களின் வீரர்களைச் சேர்த்துப் பார்த்து 2000-ல் வந்த பெரிய ஆய்வோ, மொத்தச் சாவு எண்ணிக்கை மற்ற வீரர்களைவிட அதிகமில்லை என்றது. இரண்டையும் மறைக்கக் கூடாது.

சரி, இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? ஒரு மனிதனுக்கு வந்த கட்டியைப் பார்த்து ‘இது குண்டால் வந்தது, இது தானாக வந்தது’ என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. யாராலும் காட்ட முடியாத அத்தாட்சியை நோயாளியிடம் கேட்பது விசாரணை இல்லை, விரட்டுவது. கூட்டத்தில் சிலருக்குச் சந்தேகத்தின் பலன் அதிகமாகப் போய்விட்டால் அரசாங்கத்துக்குக் கொஞ்சம் பணம் செலவு. போகாமல் விட்டால் ஒருத்தன் உயிர் செலவு. எது பெரிசு?

அமெரிக்க அரசும் படிப்படியாக இறங்கித்தான் வந்தது, அதுவும் கேட்டுக் கேட்டு. 1958-ல் எனிவெடாக்கில் 22 வெடிப்புகளைப் பார்த்த ஆர்வில் கெல்லி, புற்றுநோயோடு போராடிக்கொண்டே 1979-ல் அணு வீரர்களுக்குச் சங்கம் அமைத்தார். மறு வருஷமே இறந்து போனார். 1981-ல் கதிர்வீச்சு பட்ட வீரர்களுக்கு அரசு மருத்துவமனை வைத்தியம் தரச் சட்டம் வந்தது. 1988-ல் 13 வகைப் புற்றுநோய்களுக்கு, ‘அங்கே இருந்தாய் என்றால் போதும், அளவு காட்ட வேண்டாம்’ என்று உதவித்தொகைச் சட்டம் வந்தது. பிறகு அது 21 வகை ஆனது. 1990 சட்டத்தில் சோதனைத் தளத்தில் இருந்தவர்களுக்கு 75,000 டாலர் நிவாரணம். அந்தச் சட்டம் 2024 ஜூனில் காலாவதியாகி, 2025 ஜூலையில் ஒரு லட்சம் டாலராக உயிர் பெற்றது.

ஆனாலும் வேலி போட்டுப் போட்டுத்தான் கொடுத்தார்கள். எனிவெடாக் தீவுகளில் 43 வெடிப்புகள் நடந்தன. 1977 முதல் 1980 வரை ஆயிரக்கணக்கான ராணுவ இளைஞர்கள் அங்கே போய், கதிரியக்க மண்ணை வாரி ஒரு வெடிப்புப் பள்ளத்தில் கொட்டி, மேலே கான்கிரீட் மூடி போட்டார்கள். ‘நீங்கள் வெடித்தபோது இல்லையே, வெடித்த பிறகுதானே போனீர்கள்’ என்று அவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மண்ணுக்குத் தெரியுமா அந்த வித்தியாசம்? 2022-ல் வந்த ‘பேக்ட்’ சட்டத்தில்தான் அவர்கள் பேர் ஏறியது. நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருப்பு!

வேறு வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலிய மண்ணில் 1952 முதல் பிரிட்டன் அணுச் சோதனை நடத்தியது. அதில் பங்கெடுத்த தன் ஆட்களுக்கு ஆஸ்திரேலிய அரசு 2017-ல் ‘தங்க அட்டை’ கொடுத்தது. எந்த நோய், எதனால் வந்தது என்ற கேள்வியே இல்லை. அட்டையைக் காட்டினால் வைத்தியம். அறுபது வருஷத் தாமதம், பலர் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. இருந்தாலும் செய்ய முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அன்புத் தோழர்களே! நாளைக்கு நம்மில் பலர் தொழிற்சாலைக்குப் போவோம். கருவி பிடிப்போம், அளவு எழுதுவோம், சூப்பர்வைசர் ஆவோம். அளவியலில் நாம் படித்த முதல் பாடம் என்ன? கருவி வைக்காத இடத்தில் ரீடிங் பூஜ்யம் என்று எழுதக் கூடாது, ‘அளக்கவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். ஒரு வல்லரசு இந்தச் சின்னப் பாடத்தை மறந்துவிட்டு, அளக்காத இடத்திலெல்லாம் ‘ரொம்பக் கம்மி’ என்று எழுதியது. எனவே என் கருத்து இதுதான். உயிரோடு இருக்கிற ஒவ்வொரு அணு வீரருக்கும் முதலில் வைத்தியம், விசாரணை அப்புறம். காணாமல் போன பதிவேடு வீரனுக்குச் சாதகமாக எண்ணப்பட வேண்டும், பாதகமாக அல்ல.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். அளக்காமல் அள்ளிக் கொட்டியவன், வாங்கிக் கட்டிக்கொண்டவனைப் பார்த்துக் கணக்குக் கேட்கக் கூடாது!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை