ருசி இல்லை என்பவர்களுக்காக



திருப்பதிக்கு யார் மலையேறிப் போய் வந்தாலும் அக்கம்பக்கத்துக்கு லட்டுப் பிரசாதம் கட்டாயம் வந்துவிடும். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திருப்பதி லட்டு கைக்கு வரும்போது ஒன்று செய்து பாருங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை மெல்லுங்கள். இனிப்பு தெரியும், முந்திரி கடிபடும், கற்கண்டு நறநறக்கும். அவ்வளவுதான். இப்போது மூக்கை விடுங்கள். நெய்யும் ஏலக்காயும் கமகமவென்று எழுந்து வரும்.

மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, 1908இல் ஜப்பானிய விஞ்ஞானி இகேடா கண்டுபிடித்த உமாமி என்னும் ஐந்தாவது சுவை ஆகியவற்றைத்தான். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பாடப்புத்தகத்தில் பார்த்த படம் தவறு. சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். ஒவ்வொரு மொட்டிலும் 50 முதல் 100 செல்கள். பெரும்பாலானவை பத்து நாள் போல வாழ்ந்து, புதியவற்றுக்கு இடம் விடுகின்றன. காரம் சுவையே அல்ல. சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் நம் வீட்டுப் பெரியவர்கள். "குழம்பில் ருசியே இல்லையே" என்று தாத்தா தட்டைத் தள்ளினால் சமைத்தவர் மனம் நோகிறது. பாட்டி ஊறுகாயைத் தேடினால் ரத்த அழுத்தம் நினைவுக்கு வந்து அதட்டுகிறோம். வயது ஏற ஏற மூக்கின் கூர்மை குறைகிறது. எச்சில் வற்றினாலும், சில மருந்துகளாலும் நாக்கு மங்கும். அவர்கள் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறார்கள்.

அதனால் உப்பைக் கூட்டாதீர்கள், மணத்தைக் கூட்டுங்கள். தாளிப்பில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் கொஞ்சம் தாராளமாக விழட்டும். இறக்கும்போது கொத்தமல்லி தூவலாம், ரசத்தில் எலுமிச்சை பிழியலாம். சுடச்சுடப் பரிமாறுங்கள், ஆறிப்போனால் மணம் அடங்கிவிடும். அவசரப்படுத்தாமல் மென்று சாப்பிட விடுங்கள். ருசியோ வாசனையோ திடீரென்று போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஒரு கவளம் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பதார்த்தம் எது? செய்முறையோடு எழுதுங்கள். மற்ற வீடுகளுக்கும் அது உதவட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்