கடைசியில் வந்தவருக்கே முதலிடம்

பின்லாந்து தேசத்தின் வடகோடியில் இனாரி என்றோர் ஏரி. ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. 3,000-க்கு மேற்பட்ட தீவுகள். வருஷத்தில் பாதிக்கு மேல் அது உறைந்தே கிடக்கும். அதன் கரையிலும் தீவுகளிலும் அரசாங்க வன நிர்வாகத்தார் பராமரிக்கும் மரக்குடில்கள் சில உண்டு. பூட்டு இல்லை, காவற்காரன் இல்லை, வாடகையும் இல்லை. உள்ளே பலகைப் படுக்கையும் ஒரு கணப்படுப்பும், அவ்வளவுதான். தண்ணீரை ஏரியில் மொண்டு வரவேண்டும். ஓரிரண்டு இரவுக்கு மேல் தங்கலாகாது.

முதலில் வந்து துண்டைப் போட்டவருக்கே இடம் என்பதுதானே நாம் கண்ட வழக்கம்? அக்குடில்களில் வழக்கம் நேர்மாறு. கடைசியில் வந்தவருக்கே முதல் உரிமை. இடம் போதாவிடில், முன்னரே வந்தவர்கள் எழுந்து புறப்பட வேண்டியதுதான். அவர்கள் குளிர் காய்ந்து பசியாறிவிட்டார்கள். புதிதாய் வந்தவரோ நனைந்து களைத்து நிற்கிறார். அந்தக் குளிரில் அவருக்குக் கதவடைத்தால் உயிருக்கே அபாயம்.

புறப்படுகிறவர் குடிலைப் பெருக்கி, அடுத்தவருக்கு விறகு பிளந்து வைத்துவிட்டே போகவேண்டும். அந்த அடுத்தவர் யாரென்று அவர் அறியார். நன்றி கூறவும் அங்கே ஆள் இராது. ஆயினும், தாம் நடுங்கிக்கொண்டு நுழைந்தபோது அடுப்பருகே விறகு காத்திருந்ததை அவர் மறப்பாரா? கோடரியை எடுக்கிறார்.