வானமும் எமது முதுசொம்

"நட்சத்திரம் பார்த்தால் வயிறு நிறையுமா?" ஊர் மக்கள் கூடி வானம் பார்க்கும் ஒரு மாலையை ஒழுங்கு செய்வோம் என்றால் சிலர் இப்படிக் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். காணியையும் கிணற்றையும் விட்டு வந்தவர்களுக்கு வானம் முதல் தேவையல்ல.

ஆயினும் 2009இல் ஓய்ந்த போர் எம்மிடமிருந்து வானத்தையும் பறித்திருந்தது. விமான இரைச்சலுக்கும் பரா வெளிச்சத்துக்கும் அஞ்சிப் பதுங்கு குழிக்குள் ஒடுங்கிய தலைமுறை, அண்ணாந்து பார்க்க மறந்துவிட்டது. ஆறாமீன் கூட்டத்தைக் கொண்டு இரவில் நேரம் கணித்த முதியோரின் அறிவு, பிள்ளைகளுக்குச் சொல்லப்படாமலே மறைந்து வருகின்றது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வைகாசியில் அமாவாசையை அண்டிய ஓர் இரவு, 8 மணியளவில் வயல்வெளியில் கூடி விளக்குகளை அணைப்போம். கண் இருளுக்குப் பழக 20 நிமிடம் பொறுப்போம். வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தென்சிலுவையும் ஒரே வேளையில் தோன்றும். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் உரோமையில் நிறுவிய வானாய்வு நிலையத்திலிருந்து தென்சிலுவையைக் காண முடியாது. எமது வயல் வரம்பிலிருந்து காணலாம்.

தொலைநோக்கி கிடைத்தால் நல்லது. ஆனால் அங்கு முதலில் பேச வேண்டியவர் மூத்த கமக்காரரே. ஆசிரியர் அடுத்து விளக்கட்டும். பிள்ளைகள் இருவரையும் கேள்வி கேட்கட்டும்.

காணிக்காக நாம் தொடர்ந்து குரல் கொடுப்போம். அதேவேளை, எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையற்ற இந்த முதுசொம்மையும் எம் பிள்ளைகளிடம் கையளிப்போம்.