யந்திரம் கும்பிடவா? செய்யவா?

மாமல்லபுரம் போகிறவர்களில் அனேகர் அங்குள்ள ஒற்றைக்கல் ரதங்களைப் பார்த்துவிட்டு, "இது மனிதன் செய்கிற காரியமா? பஞ்சபாண்டவர் செய்ததல்லவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். அதே ஊருக்கு மேற்கே, முடிவு பெறாமல் விடப்பட்ட பிடாரி ரதமும் வலையன்குட்டை ரதமும் இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பார்க்கிறவர்கள் சொற்பம். பார்த்தால், பாறையை மேலிருந்து கீழாக எப்படிச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கிவிடும். பாண்டவருக்கு அங்கே வேலையே இல்லை. உளிக்கும் கைக்கும்தான் வேலை.

நிற்க, இன்று நம் ஊர்க் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகையும் பரிசுக் கேடயமும் செய்கிற இடங்களுக்கு லேசர் வெட்டு யந்திரம் என்று ஒன்று வந்திருக்கிறது. ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்துகிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. நின்றுபோனால் பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

அப்படி என்ன தேவ ரகசியம் அதற்குள் இருக்கிறது? ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் கரியமிலவாயு, நைட்ரஜன், ஹீலியம். குழாயின் இரு முனைகளிலும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கதிர் புறப்படுகிறது. மூன்று ஆடிகள் அதைத் திருப்பி விடுகின்றன. ஒரு வில்லை அதை ஊசிமுனையளவு இடத்தில் குவிக்கிறது. இரண்டு சிறு மோட்டார்களும் வாரும் அந்த வில்லையை நாம் வரைந்த கோட்டின் வழியே நடத்துகின்றன. குழாய் சூடேறாமல் இருக்கத் தண்ணீர்ப் பம்பு, புகையை வெளியேற்ற ஒரு விசிறி. அவ்வளவுதான் சங்கதி! 40 வாட் குழாய் ஒன்று இருந்தால் மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை அறுக்கலாம். கருங்கல்லை அறுக்காது, மெருகிட்ட கல்லின் மேல் கீறல்தான் போடும். ஆகையால் சிற்பிகள் தங்கள் தொழில் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. தங்களுக்கு வேண்டிய அளவு மாதிரிகளை அதில் வெட்டிக்கொள்ளலாம்.

இது யாருக்கும் வரமாகக் கிடைத்ததல்ல. 1917-ல் ஐன்ஸ்டைன் அதன் தத்துவத்தைச் சொன்னார். 1960-ல் அமெரிக்காவில் மைமன் முதல் லேசரைச் செய்து காட்டினார். 1964-ல் கரியமிலவாயு லேசரைக் கண்டவர் பூனா ஜில்லா பாராமதியில் பிறந்த குமார் படேல். அதே ஜில்லாவில் பாபல் என்ற கிராமத்தில், 1983-ல் டாக்டர் கல்பாக் என்ற விஞ்ஞானி, பள்ளியை விட்ட பிள்ளைகள் கையால் வேலை செய்தே கல்வி பெறுவதற்காக விஞ்ஞான் ஆசிரமம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையார் 2002-ல் தங்கள் நவீனப் பட்டறையை அங்கே அமைக்கத் துணை செய்தார்கள். பாபலுக்குக் கூடியது செங்கல்பட்டுக்கு ஏன் கூடாது? லேசர்சார் என்ற யந்திரத்தைச் செய்தவர்கள் அதன் வரைபடம் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டுவிட்டார்கள். அதைப் படிக்க உபநயனம் வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த யந்திரத்துக்குப் பக்தி தெரியாது. பக்தனுடைய கண் என்று பார்த்து அந்தக் கதிர் விலகிப் போகாது; ஒரு நொடியில் கண்ணைப் பொசுக்கிவிடும். ஆகையால் பெட்டியை மூடாமலும், மூடி திறந்தால் கதிர் நிற்கும் ஏற்பாடு இல்லாமலும், அதற்கென்றுள்ள கண்ணாடி அணியாமலும் அதை ஓட்டக்கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் பெட்டியில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். பி.வி.சி. தகட்டை வெட்டினால் நுரையீரலை அரிக்கும் விஷப்புகை வரும். வெட்டும்போது தீப்பிடிக்கலாம், ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது. இவையெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்தால் தீரும் தோஷங்களல்ல. இன்னும் சொல்லப்போனால், அந்த வில்லையில் கற்பூரக் கரியும் குங்குமத் தூளும் படிந்தால், அந்த அழுக்கே கதிரை உறிஞ்சிச் சூடேறி வில்லையை வெடிக்கச் செய்துவிடும். பூஜையே யந்திரத்தைக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமா?

கல்லில் வேலை செய்கிறவன் உளி மழுங்கினால் அதைக் கும்பிட்டுக் கொண்டிருப்பதில்லை. உலையில் காய்ச்சி அடித்துக் கூராக்குகிறான். அந்தப் புத்தி உளியோடு நின்றுபோவானேன்? விலை கொடுத்து வாங்கியவன் யந்திரத்துக்குச் சொந்தக்காரன் ஆகலாம். செய்யத் தெரிந்தவனே அதற்கு எஜமானன். தெரியாதவன் யந்திரத்துக்கும், அதை விற்றவனுக்கும், பழுது பார்க்கிறவனுக்கும் ஆக மூன்று பேருக்கு அடிமை.

ஆகவே வாலிபத் தோழர்களே! பத்துப் பேர் சேருங்கள். மின்சார வேலை தெரிந்த ஒருவரையும், தச்சு வேலை தெரிந்த ஒருவரையும், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொள்ளுங்கள். யார் எந்த ஜாதி என்று கேட்கவேண்டாம்; யாருக்கு எந்த வேலை தெரியும் என்று மட்டும் கேளுங்கள். அடுத்த ஆயுத பூஜைக்குள் ஒரு யந்திரம் செய்து முடியுங்கள். அன்றைக்கு அதன் மேல் பொட்டு வைக்காமல், ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மின்சாரத்தை அறவே துண்டித்து மூடியைத் திறந்து, ஒவ்வொரு பாகத்தையும் காட்டி இது இன்ன வேலை செய்கிறது என்று விளக்குங்கள். அறிவுள்ள மக்கள் ஆயுதத்துக்குச் செய்யும் மரியாதை அதுதான்.