கள்ளிக்கூம்பு: பெயரில்லாததால் உண்ணப்படாத ஓர் அரும்பு

டிராகன் பழம் பருத்துத் திரள வேண்டுமாயின், தண்டில் நெருங்கி எழும் அரும்புகளுள் சிலவற்றைக் கிள்ளிவிட வேண்டும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இப்பயிர் பரவிவரும் இந்நாளில், கிள்ளிய அரும்புக்கு விலையில்லை. தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணத்திலோ இதே பூவை உலர்த்தி விற்கின்றனர். எலும்புச் சாற்றில் இட்டுக் கொதிக்கவைக்கின்றனர். அங்கே அதற்குப் பழத்தின் பெயரைச் சாராத தனிப்பெயர் உண்டு: 'பாவாங்ஹுவா', பெருவேந்தன் பூ.

பூவை உண்பது நமக்குப் புதிதன்று. வாழைப்பூவும் முருங்கைப்பூவும் அகத்திப்பூவும் எல்லைக்கு இருபுறமும் கறியாகின்றன. தடை நாவில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்பதே என் கருத்து. தமிழிலும் மலையாளத்திலும் இச்செடி 'கள்ளி' இனத்துள் அடங்கிவிடுகிறது. நம் நிலத்துப் பழங்கள்ளியோ பால் வடிப்பது. 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக்கொலைச் செய்திகள் வெளிவந்தபின், 'கள்ளிப்பால்' என்ற சொல்லைத் தமிழர் எவரும் நடுக்கமின்றிக் கேட்டிருக்க மாட்டார். மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த டிராகன் செடிக்கு அந்தப் பாலும் இல்லை, அந்தக் குடும்ப உறவும் இல்லை. உருவ ஒப்புமையால் நீண்ட பெயர், நஞ்சின் நினைவையும் உடன் கொண்டுவந்துவிட்டது. கள்ளிமுளையானைத் துவையலாக்கி உண்கிறோமே என்று கேட்கலாம். அது கள்ளிப்புதரின் அடியில் முளைப்பது. கள்ளியன்று என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

2021 சனவரியில் குசராத் அரசு இப்பழத்துக்குக் 'கமலம்' எனப் பெயர் சூட்டியது. 'டிராகன்' சீனத்தை நினைவூட்டுகிறதாம்! அந்தப் பெயர் சூட்டலிலும் அரும்பை எவரும் நினைக்கவில்லை. அரசாணைப் பெயர் பழக்கடைப் பலகை வரை செல்லும், அடுப்படிக்குள் நுழையாது.

எல்லைப்புற வழக்கிலேயே ஒரு சொல் காத்திருக்கிறது. வாழைப்பூவை மலையாளத்தார் 'வாழக்கூம்பு' என்பர். கூம்புதல், குவிதல் என்ற பொருளில் பழந்தமிழ் வினை. இன்று நம் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் மட்டுமே 'கூம்பு' காண்கின்றனர். இரவு ஒன்றில் மட்டும் விரியும் பூவின் விரியாத நிலைக்குக் 'கூம்பு' மிகப் பொருந்தும். 'கள்ளிக்கூம்பு' என்பேன். கள்ளியை நீக்கிவிட்டு வெறும் 'கூம்பு' என்றாலும் தகும். சித்தூர்ச் சந்தையில் தமிழரும் மலையாளியும் ஒருங்கே புரிந்துகொள்வர்.

நறுக்கி வேகவைத்தால் வெண்டைக்காயின் வழுவழுப்பு இருக்கும். தேங்காய்த் துருவலோடு பொரியலாக்கலாம். மருந்து தெளித்த தோட்டத்து அரும்பு மட்டும் ஆகாது. பழத்துக்குக் காத்திருக்கும் நாள்கள் அரும்புக்கு இல்லை. தெளித்த நஞ்சு தங்கியிருக்கக்கூடும். வேளாண் பல்கலைக்கழகத்தார் முதலில் ஆராய வேண்டியது இதைத்தான்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ மறையூர்ப் பக்கமோ இந்த அரும்புக்கு வேறு பெயர் வழங்கினால், நண்பர்கள் கீழே எழுதுங்கள். என் சொல்லை விட்டு அதையே எடுத்துக்கொள்கிறேன்.