விளக்கு எரிந்ததும் பம்பை மாற்றுவதா?

காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய டீசல் வண்டி மேட்டில் திணறுகிறது. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கும் எரிகிறது. உடனே பம்பை மாற்று, இன்ஜெக்டரை மாற்று என்று சிறு விவசாயி பெருஞ்செலவில் இழுத்துவிடப்படுகிறார். ஒரு போகத்து லாபமே அதில் கரைந்துவிடுகிறது. இது முறையல்ல.

விளக்கு எரியும்போதே பழுதின் குறியீடு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடுகிறது. ஸ்டீயரிங்கிற்குக் கீழ்ப்புறமுள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைப் பொருத்தி அதைப் படிக்கலாம். ஆனால், குறியீடு சொல்வது கோளாறு எந்தப் பகுதியில் என்பதைத்தான். எந்தச் சாமானை மாற்றுவது என்பதை அல்ல. உதாரணமாக, பி0087 என்றால் காமன் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு என்று பொருள். பம்பு தேய்ந்திருக்கலாம், டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும், குழாய் இணைப்பில் காற்று இழுத்தாலும் அதே குறியீடு வரலாம்.

எனவே, முதலில் குறியீட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்து, நாள்பட்ட ஃபில்டரை மாற்றி, குழாய் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். ஏர் ஃபில்டரையும் பார்ப்பது நல்லது. இவற்றுக்குச் செலவு சொற்பமே. பாட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைப்பது பழுது நீக்கம் ஆகாது. இருந்த தடயமும் அதனால் அழிந்துவிடலாம்.

குறியீட்டைக் காட்டாமலும், அழுத்தத்தை அளந்து பார்க்காமலும் பம்பை மாற்ற விவசாயிகள் சம்மதிக்கக் கூடாது.