கொட்டாங்கச்சிப் பாடம்

நெற்கதிரில் ஒரு பிடியைக் கொத்தாக முடைந்து, வீட்டு முகப்பில் குருவிகளுக்கென்று தொங்கவிடுகிற வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அதை ஒரு தர்மமென்று யாரும் பிரஸ்தாபித்ததில்லை, அவ்வளவு சகஜமான காரியம் அது. கூரை வீடும் ஓட்டு வீடும் போய்க் கான்கிரீட் கட்டடங்கள் எழுந்த பிறகோ, 2010 முதல் மார்ச் 20-ஆம் தேதியை உலகச் சிட்டுக்குருவி தினமென்று வைத்து அப்பறவையை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தீனிப்பெட்டியை வாங்கி மாட்டுவது இதற்குப் பிராயச்சித்தம் ஆகாது. சாமையும் கேழ்வரகும் விளைகிற தருமபுரி ஜில்லாவில், பென்னாகரத்திலோ அரூரிலோ உள்ள ஒரு குழந்தை, அடுக்களையில் எறிந்த கொட்டாங்கச்சியின் விளிம்பில் மூன்று துளையிட்டுக் கயிறு கோத்து, மழைநீர் வடிய அடியிலும் ஒரு சிறு துளை வைத்து, பூனை தாவ முடியாத கிளையில் தன் கையாலேயே கட்டி, ஒரு பிடி சாமையை இட்டுக் காத்திருக்கட்டும். கயிறுகளின் நீளம் ஒவ்வாமல் தானியம் கொட்டும்போது அது கணக்கைக் கற்கிறது. இரண்டு நாள் குருவி வராதபோது பொறுமையைக் கற்கிறது. குஞ்சுகளுக்குப் புழுபூச்சியே பிரதான ஆகாரம் என்று அறிந்தபின், வேலியோரச் செடிக்கு மருந்தடிக்க வேண்டாமென்று தகப்பனாரிடம் வாதாடவும் கற்கிறது. அந்த ஒரு பிடி சாமையைத் தானமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குருவிகளின் இடத்தில் குடியேறிய நாம் வெகுகாலமாகப் பாக்கி வைத்திருக்கும் வாடகை அது.